தேனீயின்மேல் ஏற்றிய பாடங்கள்

சிருஷ்டியைப் பார்த்து வாழ்க்கைக்குப் பாடம் கற்கும்படி கிறிஸ்தவ வேதம் சொல்லும் இடங்களுள் மிகப் பிரசித்தமானவை இரண்டு. அவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றுகின்றன என்பதைப் பிரசங்கிகள் அதிகமாக எடுத்துப் பேசுவதில்லை. நீதிமொழிகள் ஆறாம் அதிகாரம் சோம்பேறியை எறும்பினிடம் அனுப்பி, தலைவனோ அதிகாரியோ இல்லாமலே கோடைகாலத்தில் உணவு தேடிச் சேமிக்கும் அதன் போக்கைப் பார்த்து அறிவடையச் சொல்லுகிறது. மத்தேயு சுவிசேஷத்தின் மலைப்பிரசங்கமோ, விதைக்காமலும் அறுக்காமலும் களஞ்சியம் கட்டாமலும் பிழைக்கின்ற பறவைகளையும், உழைக்காமலே அரசனினும் அழகாக உடுத்தியிருக்கும் காட்டுப் பூக்களையும் காட்டி, நாளையைக் குறித்த கவலையை விடச் சொல்லுகிறது. சேமிப்பவனே புத்திசாலி என்கிறது ஓரிடம். சேமிப்பில்லாத உயிர்களையும் தேவன் போஷிக்கிறார் என்கிறது மற்றோரிடம். இரண்டையும் ஒரே வாரத்துக் குடும்ப ஜெபத்தில் வாசிக்கிற ஒரு வீட்டில், சற்றே துடுக்கான பத்து வயதுச் சிறுவன் ஒருவன் இருப்பானேயாகில், எது சரி என்று கேட்காமல் விடமாட்டான்.

அவனுக்குச் சொல்லக்கூடிய நேர்மையான பதில், அவ்வுபதேசங்கள் யாரை நோக்கிச் சொல்லப்பட்டன என்பதைப் பொறுத்திருக்கிறது. எறும்பு சோம்பேறிக்கு உரியது. பறவை கவலைப்படுகிறவனுக்கு உரியது. விடிந்து வெகுநேரமாகியும் பாயை விட்டு எழாத மகனும், மறுநாள் அரிசிக்கு என்ன செய்வது என்று இரவெல்லாம் கண்மூடாத தாயும் ஒரே கூரையின்கீழ் இருக்கக் கூடும். மகனுக்குப் பறவையையும் தாய்க்கு எறும்பையும் காட்டினால் இருவருக்கும் கேடுதான் விளையும். ஆகவே பாடம் என்பது உயிரினத்துக்குள் மட்டும் ஒளிந்திருக்கிற பொருளன்று. அதைப் பார்க்கிறவனுடைய நிலைமையிலும் பாதி இருக்கிறது. இந்த உண்மையை உணர்ந்து நடந்த கிறிஸ்தவ ஆசிரியர்கள் குடும்பங்களுக்கு மெய்யான உபகாரம் செய்தார்கள். உணராதவர்கள் தங்கள் காலத்து அபிப்பிராயங்களை எடுத்து, வாய் பேசாத பிராணிகளின்மேல் ஏற்றி, அவற்றைத் தேவசித்தம் என்று பிள்ளைகளுக்குப் போதித்தார்கள். இவ்விரு வகையினருக்கும் உள்ள வேற்றுமையைச் சில உதாரணங்களால் ஆராய்வதே இங்கு நம் நோக்கம்.

நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கப்பதோக்கியா நாட்டுச் செசரியா நகரத்தின் பேராயராக இருந்த பசிலியார், ஆதியாகமத்தின் ஆறு நாள் சிருஷ்டியைக் குறித்து ஒன்பது பிரசங்கங்கள் செய்தார். தவக்காலத்தில், காலையும் மாலையுமாகச் செய்யப்பட்ட அப்பிரசங்கங்களைக் கேட்க வந்தவர்களில் அன்றாடக் கூலிக்கு உழைக்கும் கைத்தொழிலாளர் அநேகர் என்பதை, அவர்களை வெகுநேரம் நிறுத்தி வைக்கக்கூடாது என்று அவரே தம் மூன்றாம் பிரசங்கத்தில் சொல்லுவதால் அறிகிறோம். ஏட்டறிவு மிகுதியும் இல்லாத அந்த ஜனங்களுக்காக அவர் மீனையும் பறவையையும் பூச்சியையும் ஒவ்வொன்றாக எடுத்து, வீட்டு வாழ்க்கைக்குரிய புத்திமதிகளைச் சொல்லிக்கொண்டு போகிறார். முதுமையில் சிறகு உதிர்ந்த தாய் தந்தையரை நாரைக்குஞ்சுகள் சூழ்ந்து நின்று தங்கள் சிறகால் அணைத்து உணவூட்டுகின்றன என்று சொல்லி, பெற்றோரைப் பேணும் கடமையை வற்புறுத்துகிறார். விரியன் பாம்பு கடலோரம் வந்து, விலாங்கை ஒத்த ஒரு கடல்மீனோடு கூடுகிறது என்றும், கூடுவதற்கு முன் தன் விஷத்தைக் கக்கிவிடுகிறது என்றும் கூறி, கணவன் எவ்வளவு கொடியவனாயினும் மனைவி சகித்துக்கொள்ள வேண்டும் என்றும், கணவனும் மண உறவை மதித்துத் தன் கடுமையை உமிழ்ந்துவிட வேண்டும் என்றும் முடிக்கிறார்.

இவற்றுள் நாரைக் கதை உண்மையன்று. நாரைக்குஞ்சுகள் பெற்றோருக்கு உணவூட்டுவதை எவரும் கண்டதில்லை. விரியன் கதையோ பச்சைப் பொய். பசிலியார் அவற்றைக் கட்டிவிட்டவர் அல்லர். தமக்கு முன்னிருந்த கிரேக்க நூல்களில் வழங்கிவந்தவற்றை நம்பி எடுத்தாண்டார். அவ்விரண்டில் பெற்றோரைப் பேணும் உபதேசம் நாரை இல்லாமலும் நிற்கும்; ஐந்தாம் கற்பனையே அதற்குப் போதும். கொடியவனைச் சகித்துக்கொள் என்று மனைவிக்குச் சொல்லும் உபதேசமோ, இல்லாத ஒரு சேர்க்கையைச் சாட்சியாக வைத்தல்லவா சொல்லப்படுகிறது? இயற்கையே அப்படித்தான் இருக்கிறது என்று கேட்டுத் தலைகுனிந்து வீடு திரும்பிய செசரியாப் பெண்கள் எத்தனை பேரோ! பொய்யான விலங்கியல் பிரசங்கத்துக்கு ஓர் அலங்காரம் மாத்திரமே என்று தள்ளிவிட முடியாது; அது குடும்பத்துக்குள் புகுந்து ஆளுகிறது. இத்தனைக்கும் அதே பசிலியார்தான் தம் கடைசிப் பிரசங்கத்தில், வேதத்தில் புல் என்று எழுதியிருந்தால் தாம் புல்லையே நினைப்பதாகவும், மீனென்றால் மீனையே கொள்வதாகவும் சொல்லி, எதையும் மறைபொருளாக்கும் பழக்கத்தைக் கண்டித்தவர். அந்தத் தெளிவை அவர் விரியன் விஷயத்திலும் காட்டியிருக்கலாம்.

பசிலியார் தேனீயையும் விடவில்லை. தேன்கூட்டின் தலைமையை அவர் காலத்தார் ஆண் என்றே கருதினர். அந்த அரசனுக்குக் கொடுக்கு உண்டு, ஆயினும் பழிவாங்க அதைப் பயன்படுத்துவதில்லை, ஆகையால் ஆளுகிறவர்கள் தண்டிப்பதில் நிதானமாயிருக்க வேண்டும் என்பது அவர் எடுத்த பாடம். அந்தத் தலைமைத் தேனீ பெண் என்று சார்ல்ஸ் பட்லர் என்னும் ஆங்கிலப் போதகர் 1609-இல் தம் தேனீ வளர்ப்பு நூலின் தலைப்பிலேயே எழுதினார். டச்சு நாட்டு ஸ்வாமர்டாம் அதனை அறுத்துப் பார்த்து முட்டைப்பைகளைக் காட்டி, ஐயத்தை ஒழித்தார். அரசன் அரசியான பிறகும் பாடம் சொல்லுவது நிற்கவில்லை. பாடம் மட்டும் மாறிற்று. 1715-இல் ஐசக் வாட்ஸ் குழந்தைகளுக்காக வெளியிட்ட பக்திப்பாடல் நூலில் தேனீ ஆட்சியின் அடையாளமாக இராமல் ஓயாத உழைப்பின் அடையாளமாயிற்று. சோம்பியிருக்கும் கைகளுக்குச் சாத்தான் வேலை தேடிக் கொடுப்பான் என்ற எச்சரிக்கையோடு கூடிய அப்பாட்டை ஆங்கிலப் பிள்ளைகள் ஒன்றரை நூற்றாண்டு காலம் மனனம் செய்து மனனம் செய்து அலுத்துப்போனதன் பயனாக, 1865-இல் லூயிஸ் கரோல் தம் ஆலிஸ் கதையில் தேனீயை நீக்கிவிட்டு அவ்விடத்தில் ஒரு முதலையை வைத்து அதைப் பரிகாசம் பண்ணினார். தேனீ உண்மையில் ஓயாமல் உழைக்கிறதா என்று கண்ணாடிக் கூட்டில் ஒரே தேனீயை விடாமல் தொடர்ந்து பார்த்த மார்ட்டின் லிண்டவர் என்ற ஜெர்மானிய ஆராய்ச்சியாளர், அதன் நேரத்தில் பெரும்பங்கு சும்மா இருப்பதிலும் கூட்டுக்குள் உலாவுவதிலுமே கழிகிறது என்று 1952-இல் கண்டு எழுதினார். ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரிக்கச் சொல்லும் மதத்தின் பிள்ளைகளுக்கு இந்தச் செய்தி இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தால் எவ்வளவு ஆறுதலாயிருந்திருக்கும்!

இனி, இத்துறையில் மிகுந்த கவனத்துக்குரியவராகிய மார்கரெட் காட்டி அம்மையாரிடம் வருவோம். 1809-இல் பிறந்த இவருடைய தந்தை, டிரபால்கர் கடற்போரில் நெல்சன் உயிர் விட்டபோது அருகிலிருந்த கப்பற்குரு. 1839-இல் ஆல்பிரட் காட்டி என்ற குருவானவரை மணந்து, யார்க்ஷயர் மாகாணத்து எக்கிள்ஸ்பீல்டு என்னும் சிற்றூரின் குருமனையில் பல பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, 1873-இல் மரிக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். 1848-இல் உடல்நலம் குன்றி ஹேஸ்டிங்ஸ் கடற்கரையில் தங்க நேர்ந்தபோது, பொழுதுபோக்காகத் தொடங்கிய கடற்பாசி சேகரிப்பு அவரை முற்றிலும் ஆட்கொண்டது. டப்ளின் நகரத்துத் தாவரவியல் அறிஞர் வில்லியம் ஹார்வியோடு கடிதப் போக்குவரத்து வைத்து, 1863-இல் பிரிட்டிஷ் கடற்பாசிகளைப் பற்றிப் படங்களோடு ஒரு பெருநூல் வெளியிட்டார். ஆஸ்திரேலியக் கடலின் ஒரு பாசி இனத்துக்கு ஹார்வி இவருடைய பெயரையே சூட்டினார். அந்நூலின் முகவுரையில், பாசி தேடப் போகும் பெண்கள் நாகரிகத்தை மறந்துவிட்டு, ஆண்பிள்ளைகள் வேட்டைக்குப் போடும் தடித்த பூட்ஸையும் கணுக்காலுக்கு மேல் நிற்கும் கம்பளிப் பாவாடையையும் அணிய வேண்டும் என்று அவர் கண்டிப்பாய்ச் சொல்லுவது, விக்டோரியா காலத்துக் குருமனைப் பெண்மணியைப் பற்றி நாம் கொண்டிருக்கும் எண்ணத்தைச் சற்று அசைக்கத்தான் செய்கிறது.

இவர் 1855 முதல் 1871 வரை ஐந்து தொகுதிகளாக எழுதிய ‘இயற்கையிலிருந்து உவமைகள்’ என்னும் கதைகள், ஆங்கிலக் கிறிஸ்தவ வீடுகளில் இரண்டு மூன்று தலைமுறைகள் பிள்ளைகளுக்கு உரக்க வாசிக்கப்பட்டன. அவற்றின் முதற்கதை இன்றும் ஒளி மங்காதது. சாகப்போகிற ஒரு வண்ணத்துப்பூச்சி, முட்டைக்கோஸ் இலையில் தான் இட்ட முட்டைகளை ஒரு கம்பளிப்புழுவின் பொறுப்பில் விட்டுச் செல்லுகிறது. என்ன உணவு கொடுப்பது என்று கலங்கிய புழு வானம்பாடியைக் கேட்க, முட்டையிலிருந்து உன்னைப் போன்ற புழுக்களே வரும், நீயும் ஒரு நாள் வண்ணத்துப்பூச்சி ஆவாய் என்று வானம்பாடி சொல்லுகிறது. புழு நம்ப மறுக்கிறது. முட்டைகள் பொரித்து, வெளியே வந்தவை புழுக்களே என்று கண்ணால் கண்ட பிறகுதான், மற்றதும் மெய்யாயிருக்கலாமே என்று அதற்குத் தோன்றுகிறது. உயிர்த்தெழுதலைக் குறித்த நம்பிக்கை இக்கதையின் உட்பொருள். கதை நிற்பதற்குக் காரணம் என்னவெனில், அதில் பொய்யான செய்தி ஒன்றும் இல்லை. புழுவும் கோசும் முட்டையும் உள்ளபடியே இருக்கின்றன. பேசுவது மட்டுமே கற்பனை. வாசித்து முடித்த பிள்ளை கொல்லைக்கு ஓடி, இலையைத் திருப்பிப் பார்த்தால் கதை அங்கே நடந்துகொண்டிருக்கும்.

அதே தொகுதியில் வரும் தேனீக் கதையோ வேறு விதமானது. இராணியும் வேலைக்காரத் தேனீயும் ஒரே விதமான முட்டையிலிருந்து பிறப்பவை, ஊட்டும் உணவின் வேற்றுமையால்தான் ஒன்று இராணியாகிறது என்று ஒரு தேனீ கேள்விப்பட்டு, அப்படியானால் எல்லோரும் சமம் அல்லவா என்று கலகம் செய்கிறது. அதன் பேச்சைக் கேட்டவை தலைமையைத் துறந்து புறப்பட்டுப் போய், குழப்பத்தில் சிக்கி, புத்தி தெளிகின்றன. அதிகாரமும் கீழ்ப்படிதலுமே இயற்கையின் நியதி என்பது கதையின் தீர்ப்பு. ஐரோப்பாவெங்கும் 1848-இல் புரட்சிகள் எழுந்து அடங்கிய சில ஆண்டுகளுக்குள் எழுதப்பட்டது இது என்பதை நினைத்தால், கலகக்காரத் தேனீ எங்கிருந்து பறந்து வந்தது என்பது விளங்கும். உணவினால் இராணி உண்டாகிறாள் என்ற செய்தி முற்றிலும் மெய். அம்மையார் அதை அறிந்தே எழுதினார். ஆனால் அந்த மெய்யிலிருந்து நேராக எழுகிற கேள்வியை, அதாவது ஊட்டத்தால்தான் உயர்வு தாழ்வு வருகிறதென்றால் ஊட்டப்படாத பிள்ளையின் குற்றம் என்ன என்ற கேள்வியை, கலகக்காரன் வாயில் வைத்துத் தோற்கடித்துவிட்டார். வேதமே எறும்புக்கு அதிகாரி இல்லை என்பதை எடுத்துச் சொல்லியிருக்க, அவர் எறும்பை விட்டுத் தேனீயைத் தேர்ந்துகொண்டதும் கவனிக்கத்தக்கது. அன்றியும் கூட்டிலிருந்து பிரிந்து செல்லும் தேனீத் திரளுக்குப் புது இருப்பிடம் தேர்ந்தெடுப்பவள் இராணி அல்லள். வேவு பார்க்கச் சென்ற சில நூறு வேலைக்காரத் தேனீக்கள் ஆடிக் காட்டும் நடனத்தால், மெல்ல மெல்ல ஓர் இடத்துக்கு இசைவு கூடி, முடிவு பிறக்கிறது என்பதை முற்கூறிய லிண்டவரும் அவருக்குப் பின் அமெரிக்கரான தாமஸ் சீலியும் ஐயமறக் காட்டினர். சீலி 2010-இல் தம் நூலுக்குத் ‘தேனீ ஜனநாயகம்’ என்றே பெயரிட்டார். இனி யாரேனும் ஒரு போதகர் தேனீயைக் காட்டித் தேர்தலின் மேன்மையைப் பிரசங்கிப்பாரானால், அவரும் காட்டி அம்மையார் செய்ததையே செய்கிறவர் ஆவார்.

எறும்பின் கதை இதற்கு மறுபக்கம். வட ஐரோப்பாவின் எறும்புகள் தானியம் சேர்ப்பதில்லை. ஆகையால் பதினெட்டாம் நூற்றாண்டு முதல், தங்கள் நாட்டு எறும்புகளை மட்டுமே ஆராய்ந்த அறிஞர் பலர், எறும்பு சேமிக்கும் என்ற பழைய எண்ணத்தைக் கட்டுக்கதை என்று ஒதுக்கினர். சாலொமோன் கூட்டுப்புழுவைத் தானியம் என்று மயங்கிவிட்டார் என்று விளக்கம் சொன்னவர்களும் உண்டு. இந்தியாவில் இருந்தவர்களுக்கோ இவ்விஷயத்தில் மயக்கம் இல்லை. மழையில் நனைந்த புல்விதைகளை எறும்புகள் புற்றிலிருந்து வெளியே கொண்டுவந்து வெயிலில் காயப்போடுவதைக் கர்னல் சைக்ஸ் என்பவர் பூனாவில் கண்டு 1830-களில் எழுதினார். சென்னை மாகாணத்தில் வைத்தியராயிருந்த ஜெர்டன், தென்னிந்திய எறும்புகளைப் பற்றி 1851-இல் வெளியிட்ட அட்டவணையில், அவை விதைகளைத் தூக்கிச் செல்லுவது தோட்டக்காரர்கள் நன்கறிந்த சங்கதி என்பதைக் குறித்துள்ளார். பின்பு மாக்ரிஜ் என்னும் நோயாளியான இளைஞர் குளிர்காலத்தைக் கழிக்கப் பிரான்சின் தென்கரையில் மாந்தோன் என்ற ஊரில் தங்கி, எறும்புப் புற்றுகளைத் தோண்டி, உள்ளே களஞ்சியங்கள் இருப்பதையும், முளை கிளம்பிய விதையின் முளைவேரை எறும்புகள் கடித்துவிடுவதையும் பார்த்து 1873-இல் நூலாக எழுதியபின் சந்தேகம் ஒழிந்தது. வேதவாக்கியத்தின் கௌரவத்தைக் காத்தது விவாதமன்று. முழங்காலிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த சிலருடைய பொறுமைதான்.

இந்தப் பொறுமையைக் குடும்பப் பழக்கமாக்க வழி சொன்னவர் சார்லட் மேசன். பிராட்போர்டு நகரத்தில் தாய்மாருக்குச் செய்த உபந்நியாசங்களை 1886-இல் ‘வீட்டுக் கல்வி’ என்னும் நூலாக வெளியிட்ட இந்த ஆங்கில ஆசிரியை, 1892 முதல் ஆம்பிள்சைடில் ஒரு பயிற்சிக் கல்லூரியை நடத்தினார்; காட்டி அம்மையாரின் கதைகளைத் தம் பாடத்திட்டத்தில் சேர்த்தவரும் அவரே. ஆயினும் தாயானவள் வெளியில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதில் அவர் கொண்ட கொள்கை கதை சொல்லுவதற்கு நேர்மாறானது. பிள்ளைகள் நல்ல வானிலையுள்ள மாதங்களில் நாள்தோறும் நான்கைந்து மணி நேரமாவது வெளியில் இருக்க வேண்டும். அந்நேரத்தில் பெரும்பகுதி தாய் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். பிள்ளையை ஒரு மரத்தடிக்கோ வாய்க்காலுக்கோ அனுப்பி, பார்த்து வந்ததைச் சொல்லச் செய்ய வேண்டும். சொன்னதில் குறை இருந்தால் மறுபடியும் அனுப்ப வேண்டும். ஒரு காட்சியை நன்றாய் உற்றுநோக்கிக் கண்ணை மூடி, மனத்தில் தெரிவதை விவரிக்கச் சொல்ல வேண்டும். அன்றன்று கண்டதைப் பிள்ளை தன் கையாலேயே குறிப்பேட்டில் எழுதிச் சித்திரமும் தீட்ட வேண்டும். சிருஷ்டிகர்த்தரைப் பற்றிய பேச்சோ, மிக அரிதாக ஒரு பூவையோ மரத்தையோ சுட்டிக் காட்டி, இது தேவனுடைய அழகிய எண்ணம் என்று பயபக்தியோடு சொல்லும் ஒரு சொல்லளவில் நிற்க வேண்டும்.

இது சமய போதனையைக் குறைத்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள், மேசன் அம்மையார் சத்தியத்தைப் பேசும் பழக்கத்தைப் பற்றி எழுதியதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பிள்ளைகள் சொல்லும் பொய்களில் பெரும்பாலானவை தீய எண்ணத்தால் அல்ல, அசட்டையாகப் பார்ப்பதாலும் மிகைப்படுத்திச் சொல்லும் ஆசையாலும் வருகின்றன என்பது அவருடைய கருத்து. கண்டது மூன்று காக்கை என்றால் மூன்று என்றே சொல்லவும், தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் பழகின பிள்ளை, பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற ஒன்பதாம் கற்பனையைக் கொல்லைப்புறத்திலேயே கைக்கொள்ளத் தொடங்கிவிட்டது. பசிலியாரின் விரியனும் வாட்ஸின் ஓயாத தேனீயும் தவறிய இடம் இதுவே: கற்பனையைப் போதிக்கும் அவசரத்தில் ஒரு கற்பனையை மீறினார்கள். இயற்கை குடும்பத்துக்குத் தரும் முதல் ஆவிக்குரிய பயிற்சி உவமையன்று, உண்மையான அவதானம் என்று நாம் துணிந்து சொல்லலாம்.

அவதானம் எப்பொழுதும் ஆறுதலையே தரும் என்றும் சொல்வதற்கில்லை. காட்டி அம்மையாரின் கதையைக் கேட்ட பிள்ளை, முட்டைக்கோஸ் புழுவைப் பெட்டியில் வைத்து வளர்த்து, வண்ணத்துப்பூச்சிக்காகக் காத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பல தடவை நடப்பது என்ன? சின்னஞ்சிறு குளவி ஒன்று, புழு இளையதாயிருந்தபோதே அதன் உடலுக்குள் முட்டையிட்டிருக்கும். உள்ளே வளர்ந்த குளவிப்புழுக்கள் ஒரு நாள் தோலைத் துளைத்து வெளியே வந்து, மஞ்சள் நிறக் கூடுகளைக் கொத்தாகப் பின்னிக்கொள்ளும். கம்பளிப்புழு அதன் பக்கத்திலேயே வாடிச் சாகும். உயிர்த்தெழுதலின் சின்னத்தை எதிர்பார்த்த பெட்டியில் இது கிடக்கும். இந்த வகைக் குளவிகளைத் தயையுள்ள ஒரு தேவன் வேண்டுமென்றே படைத்தார் என்று தம்மால் எண்ண முடியவில்லை என்று டார்வின் 1860-இல் தம் நண்பர் ஆசா கிரேக்கு எழுதினார். டார்வினுடைய கொள்கையைக் காக்கைகளின் சபையாக ஒரு கதையில் கேலி செய்த காட்டி அம்மையார், இந்தக் கேள்விக்குக் கேலியால் பதில் சொல்லியிருக்க முடியாது.

வேதம் சொல்லும் பதிலும் பாடப்புத்தகப் பதில் அன்று. யோபுவின் புத்தகத்தில் தேவன் பெருங்காற்றினின்று பேசும்போது, முட்டைகளை மண்ணில் விட்டுவிட்டுப் போகும் தீக்குருவியையும், இரத்தம் குடிக்கும் கழுகுக்குஞ்சுகளையும் வரிசையாகக் காட்டுகிறார். அவற்றிலிருந்து யோபு இன்ன ஒழுக்கத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. தீக்குருவி தாய்மைக்கு உதாரணம் அன்று என்பது வெளிப்படை. ஆயினும் அதுவும் அவருடைய சிருஷ்டி, அதன் ஓட்டத்தில் அவருக்கு மகிழ்ச்சி உண்டு. பவுல் ரோமாபுரி சபைக்கு எழுதிய நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தில், சர்வ சிருஷ்டியும் பிரசவ வேதனையில் தவிக்கிறது என்ற கருத்தை வைக்கிறார். பெட்டியைத் திறந்து அழுகிற பிள்ளைக்குத் தகப்பன் இந்த இரண்டு இடங்களையும் வாசித்துக் காட்டலாம். குளவியையும் குறிப்பேட்டில் வரையச் சொல்லலாம். இது ஏன் என்று எனக்கும் விளங்கவில்லை என்று சொல்லலாம். அவசரமாய் ஒரு நீதியைத் தேடிப் பிடித்து அதன் வாயை அடைப்பது மட்டும் தகாது.

நம் நாட்டுக் கிறிஸ்தவ இல்லங்களில் குடும்ப ஜெபம் இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. எறும்பும் காட்டுப்பூவும் அங்கே வாசிக்கப்படுகின்றன. அதை நடத்துகிற தாய் தந்தையர், நீதிமொழிகள் ஆறாம் அதிகாரம் வரும் நாளில், வாசிப்பதற்கு முன்பே பிள்ளைகளை வாசற்படி எறும்புச் சாரையிடம் அனுப்பி, அது எதைச் சுமந்தது, எங்கே கொண்டுபோயிற்று, அதை நடத்தும் எறும்பு ஒன்று இருந்ததா என்று பார்த்துவரச் செய்யவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அண்ணனும் தங்கையும் வேறுவேறாகச் சொன்னால், ஜெபத்தைக் கால்மணி நேரம் தள்ளிவைத்து, எல்லோருமாக எழுந்து போய் மறுபடியும் பாருங்கள்.